துத்தநாகக் கல்

கல் விற்கிற தெருவில் ஒருவர் சொன்ன சொல்லைப் பாதி விலைக்குக் கேட்காமல் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள் என்றால் அவர் சாதாரண ஆள் இல்லை. எங்கள் தெருவில் அப்படி ஒருவர்தான் இருந்தார். தராசுக்கை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஒரு கல்லை உள்ளங்கையில் போட்டு இரண்டு தடவை லேசாக எறிந்து பிடித்தால் போதும், இன்ன கல், இன்ன எடை என்று சொல்லிவிடுவார். தராசில் வைத்துப் பார்த்து வித்தியாசம் வந்தால், தராசைத்தான் பழுது பார்க்கக் கொடுப்பார்கள்.

நான் தரகன். எனக்குக் கடை கிடையாது. அவர் கடை வாசலில் ஒரு ஸ்டூல் உண்டு. வெயில் வந்தால் ஸ்டூலோடு உள்ளே நகர்வேன், வாடிக்கை வந்தால் ஸ்டூலோடு வெளியே நகர்வேன். அந்தக் கோடையில் பெரும்பாலும் உள்ளேதான் இருந்தேன். காற்று அனலாக அடித்தது. கல்லைத் தொட்டால் சுட்டது. வாங்க வருகிறவர்கள்கூடக் குறை சொல்லச் சோம்பல்பட்டார்கள்.

அப்படி ஒரு காலையில் மலைப்பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். முப்பது வயதிருக்கும். தோளில் சாக்குப் பை. அவிழ்த்து மேசையில் கொட்டினார். ஓடையில் உருண்டு உருண்டு மேல்தோல் பனிபடர்ந்த கண்ணாடி மாதிரி ஆகிப்போன கற்கள். கரும்பச்சை, கொஞ்சம் நீலம்.

"என்ன இது, கிணறு வெட்டின மிச்சமா?" என்று கேட்டேன். முதல் பேரத்தைத் தரகன்தான் ஆரம்பிக்க வேண்டும்.

"கிணறு வெட்டினா தண்ணியாவது வரும். எங்க பக்கம் கல்லு மட்டும்தான் வருது" என்றார் மலைக்காரர்.

தராசுக்கை சிரித்தபடி ஒன்றை எடுத்தார். எறிந்தார், பிடித்தார். இரண்டாவது எறிதலுக்குப் போகவில்லை. அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். பிறகு மூன்றாவது. அவர் முகத்தில் வியர்வை ஏற்கெனவே இருந்தது. இப்போது நிறம் போயிருந்தது.

"எங்க எடுத்தது?"

"மலைக்குப் பின்னால ஓடை. எங்க அப்பா காலத்துல இருந்து அங்கதான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பன்னெண்டு வருஷம் முன்னாடி புறா முட்டை அளவுல ஒண்ணு உங்ககிட்டயே குடுத்தாரு. அவருக்கு என்ன கல்லுன்னு தெரியாது. நீங்க நீலக்கல்லுன்னு சொன்னீங்க. போய்ச் சேர்ற வரைக்கும் அதைத்தான் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தாரு."

தராசுக்கை கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். பல கற்களில் ஓரத்தில் வெள்ளைக் கல் அரிசி அளவுக்கு ஒட்டியிருந்தது. அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோல் ஸ்டூலை நகர்த்தினேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தராசுக்கையும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். அண்ணன் வாங்குவார், தம்பி பட்டை போடுவார். கடைக்குப் பின்னறையில் சாணை. தம்பி குனிந்தபடி, அரக்கு வைத்துக் குச்சி நுனியில் ஒட்டிய கல்லைச் சாணையில் வைத்தால், பேச்சுக் கொடுத்தாலும் 'உம்' மட்டும்தான். சாணைக்காரர் என்றே கூப்பிட்டோம். அவருக்குப் பேச்செல்லாம் சாப்பாட்டு நேரத்தில்தான்.

மலைக்காரரின் தகப்பனார் கொண்டுவந்த கல்லை அண்ணன் நீலம் என்று எடுத்தார். மேல்தோல் மங்கிக் கிடந்ததால் உள்ளே பார்க்க முடியாது. கை சொன்னது, எடுத்தார். தம்பியிடம் கொடுக்கும்போது, "ஓரத்துல வெள்ளைக் கல்லு ஒட்டியிருக்கு பாரு, முதல்ல அதை அறுத்து எறி" என்றார்.

இரண்டாம் நாள் சாப்பிடும்போது தம்பி சொன்னார்: "அண்ணே, இது நீலம் மாதிரி நடந்துக்கல. நீலம்னா ஒரு பக்கம் சாணைக்கு அடங்கும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். இது எல்லாப் பக்கமும் ஒரே குணம். சீக்கிரமும் தேயுது."

"நல்ல குணம்னா சந்தோஷப்படேன்."

"கல்லுக்கு நல்ல குணம் இருந்தா சந்தேகப்படணும் அண்ணே."

"நான் வாங்குறேன், நீ பட்டை போடு. ரெண்டு பேரும் ரெண்டையும் பண்ணினா கடைக்கு எதுக்குடா ரெண்டு பேரு?"

எல்லோரும் சிரித்தோம். தம்பியும் சிரித்தார். நானும் அன்று அங்கேதான் சாப்பிட்டேன்.

கல் முடிந்து வந்தபோது மயில் கழுத்தை வெட்டி வைத்த மாதிரி இருந்தது. வெளியூரிலிருந்து வாங்க வந்தவர் சட்டைப்பையிலிருந்து விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்தார். அதன் வழியே நீலத்தைப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சாயல் தெரியும். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே சாயல்தான் தெரியுது. இது நீலம் இல்லைங்க" என்றார். நடுக்காலை, தெரு நிறைய ஆள்.

'என் கை தவறிவிட்டது' என்று சொல்ல ஒரு வழி இருந்தது. அந்த வழி தராசுக்கைக்கு ஊரிலேயே இல்லாத தெரு. கை தவறாது, ஆகவே கல் மாறியிருக்கிறது. கல் இருந்தது இரண்டு பேர் கையில்; அதில் ஒன்று தன்னுடையது. கடைப்படியில் நின்று சத்தமாகச் சொன்னார்: "நான் குடுத்தது வேற கல்லு. இவன் திருப்பிக் குடுத்தது வேற கல்லு."

தெரு அதை அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டது. நானும்தான். 'நீலம் மாதிரி இல்லை' என்று தம்பி முன்பே சொன்னதுகூட, திருடுவதற்கு முன் போட்ட அச்சாரம் என்று ஆயிற்று. "இல்லண்ணே, இதேதான் அண்ணே" என்று அவர் நாற்பது தடவை சொல்லியிருப்பார். எங்கள் தெருவில் ஒருவன் ஒரே விலையை நாற்பது தடவை சொன்னால் பொருளில் குறை இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் அம்மா படுக்கையில் இருந்தார். விஷயம் காதுக்குப் போனது. "ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான். யாருன்னு தெரியாம என் தொண்டையில ஒண்ணும் இறங்காது" என்று வாயை மூடிக்கொண்டார். மூன்று நாள் கஞ்சியும் இல்லை, மருந்தும் இல்லை. நான்காம் நாள் காலையில் தம்பி உள்ளே போய், "நான்தாம்மா மாத்தினேன்" என்றார். அம்மா கஞ்சி குடித்தார். அதற்குப் பிறகு இருபது நாள் இருந்தார். இளைய மகன் இருந்த பக்கம் முகம் திரும்பவில்லை. காரியம் முடிந்ததும் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். ஏதோ வெள்ளைக்கல் அரைக்கிற ஆலையில் வேலை என்று கேள்விப்பட்டோம்.

மலைக்காரர் வந்த மறுநாள், தராசுக்கை என்னையும் கூட்டிக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனார். பெட்டியில் போட்டு வைத்திருந்த பழைய கல்லும் கையில் இருந்தது. அங்கே இருந்த பெண்ணுக்கு எங்களுக்கு மகளாகிற வயது. கல்லைத் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தாள், விளக்கடியில் சுழற்றினாள், ஒரு மணி நேரம் எங்களை மறந்துவிட்டாள்.

"கானைட்டுங்க" என்றாள் கடைசியில். "ஸ்பினல்னு ஒரு கல்லுக் குடும்பம். துத்தநாகம் இருக்கிற ஸ்பினல். பழைய கல்லு, புதுக் கல்லு ரெண்டும் அதேதான். இவ்வளவு தெளிவா, பட்டை போடற மாதிரி கெடைக்கிறது அபூர்வம்."

"துத்தநாகம் இருந்தா உருக்கி எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். பிறவிக்குணம்.

"அது விடாதுங்க. உள்ள இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கும். இதை யாரும் உருக்கறதில்ல. ஆனா இது கெடைக்கிற மலையில பக்கத்துல எங்கயாவது துத்தநாகத் தாது இருக்குமான்னு தேடுவாங்க."

"எடை?" என்றார் தராசுக்கை.

"நீலத்தைவிட அதிகம். ஒரே அளவுல ரெண்டு கல்லு எடுத்தா, நீலம் எட்டு பங்குன்னா இது ஒம்பது பங்கு. கையிலயே தெரியணும், பழக்கம் இருந்தா."

அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "இந்த ஓரத்து வெள்ளைக் கல்லு. நீலத்துலயும் இப்படி ஒட்டி வருமா?"

"அது குவார்ட்ஸ். நீலத்தோட சேர்ந்து பிறக்காதுங்க. பூமிக்குள்ள ரெண்டும் பக்கத்துல இருந்தா ஒண்ணோட ஒண்ணு கலந்து மூணாவது கல்லா ஆயிடும். இப்படித் தனித்தனியா ஒட்டிக்கிட்டு நிக்காது. கானைட் நிக்கும்."

"எப்பவும் வராதா?"

"வராதுங்க."

'முதல்ல அதை அறுத்து எறி' என்று சொன்ன வாய் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரு மரத்தடியில் நின்று என்னிடம் சொன்னார்: "அன்னிக்கே கை சொல்லிச்சுய்யா. கொஞ்சம் கனம்னு சொல்லிச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நல்ல நீலம், கனமா இருக்குன்னு நெனச்சேன்."

வீட்டுக்குப் போய் என் முன்னாலேயே மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார், கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஒத்துக்கிட்ட அன்னிக்குக் காலையில உங்க தம்பி என்கிட்ட வந்து, 'அண்ணி, அம்மா இன்னிக்காவது குடிச்சாங்களா'ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். கொஞ்ச நேரம் நின்னாரு. அப்புறம் உள்ள போனாரு. திருடினவன் அப்படி நிக்க மாட்டான்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னேன். பொம்பளைக்குக் கல்லைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டீங்க. நான் கல்லைப் பத்திச் சொல்லல."

மறுநாள் இருவரும் பஸ் ஏறினோம். 'நான் எதற்கு?' என்று கேட்டதற்கு, "தனியாப் போனா திரும்பி வந்துடுவேன்" என்றார். ஆலைக்கு ஒரு மைல் முன்பே மரங்கள் வெளுக்க ஆரம்பித்தன. இலை, ஓடு, நாயின் முதுகு, உலர்த்திய சேலை, எல்லாவற்றிலும் மாவு தூவியதுபோல் வெள்ளைத் தூசி. ஆலையின் பின்சுவரை ஒட்டி வரிசையாக அறைகள். அதில் கடைசி இரண்டு அறை தம்பியுடையது.

தம்பியின் மனைவி வாசலில் உட்கார்ந்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது என்று நினைத்தேன், பாதி தூசி. எங்களைப் பார்த்தார். "உள்ள இருக்காரு மாமா" என்று புருஷனின் அண்ணனிடம் சொல்லிவிட்டு ஊசியைக் கோத்தார்.

சாணைக்காரர் கட்டிலில் முன்பக்கம் சாய்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடுமாம். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். நெஞ்சு முழுக்க அந்த வெள்ளைக் கல்லின் தூசி. எங்களைவிட இளையவர், எங்களுக்குத் தகப்பனார் மாதிரி இருந்தார்.

"வாங்கண்ணே. தரகரே, நீங்களும் வாங்க. இங்க ஸ்டூல் இல்ல, நாற்காலிதான். பழக்கம் இல்லாம விழுந்துடாதீங்க."

அண்ணன் ஓடைக்கல்லை அவர் கையில் வைத்தார். தம்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். விரல்கள் மட்டும் பழைய விரல்கள்.

"இதேதான்" என்றார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்டா."

தம்பி நாலைந்து மூச்சு எடுத்தார். "தெருவுல சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"அன்னிக்கு நின்ன அதே படியில. அன்னிக்குப் போட்ட அதே சத்தத்துல."

"அதே படியில சொல்றேன்டா."

"எனக்காக இல்லண்ணே. நான் இன்னும் எத்தனை நாளு. நம்ம தெரு ஆளு ஒருத்தன் இங்க லாரி ஏத்த வந்தான், நாலு வருஷம் முன்னாடி. அன்னியிலேருந்து ஆலையில இவளுக்கு 'கல்லு திருடினவன் பொண்டாட்டி'ன்னு பேரு. நான் போனப்புறமும் இவ இங்கதான் சாக்கு தைக்கணும். நான் இருக்கறப்பவே அந்தப் பேரு போயிடணும்."

வாசலிலிருந்து அவர் மனைவி சொன்னார்: "எனக்கு எந்தப் பேரும் வேணாம். மூச்சை வீணாக்காம இருங்க."

"பாத்தீங்களா, என் மூச்சுக்கும் இவதான் கணக்குப்பிள்ளை" என்றார் தம்பி. அண்ணனால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலை, தெரு நிரம்புகிற நேரத்தில், தராசுக்கை படியில் ஏறி நின்றார். ஓடைக்கற்களை ஒரு தட்டில் பரப்பி வைத்தார். பரிசோதனைக்கூடத்துக் காகிதத்தை உயர்த்திப் பிடித்தார். எல்லாம் சொன்னார்: கனம், வெள்ளைக் கல், சேர்ந்து பிறக்காதது, அம்மாவின் கஞ்சி, தம்பி ஏன் ஒத்துக்கொண்டார் என்பது. "திருடன் என் தம்பி இல்ல. அவன் பேரைத் திருடினவன் நான்" என்று முடித்தார்.

முத்துக்கடைக்காரர்தான் முதலில் அசைந்தார். தெருவில் மூத்தவர், என் வியாபாரத்தில் பாதி அவரோடு. மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி சாகக் கிடக்கறான்னு கேள்விப்பட்டேன். அதுக்காகத் தன் கை மேலயே பழியைப் போட்டுக்கிறாரு பாருங்கய்யா. இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கெடைப்பான்?"

"நான் பழி போட்டுக்கல. நடந்ததைச் சொல்றேன்."

"சரி, சரி. நாங்க நம்பறோம்." பேரம் படிந்த பிறகு 'உங்களுக்காகத்தான் இந்த விலை' என்று சொல்கிறவனிடம் தலையாட்டுவோமே, அந்தத் தலையாட்டல்.

"காகிதம் இருக்குங்க, பாருங்க."

"காகிதத்துக்கு என்ன, எந்தக் கல்லுக்கும் வாங்கலாம்" என்றார் ஒருவர் அன்பாக. "அவரே ஒத்துக்கிட்டாரே. பெத்தவ முன்னாடி பொய்யா சொல்லுவாரு?" என்றார் இன்னொருவர்.

தராசுக்கை சத்தியம் செய்தார். செய்யச் செய்ய அவருடைய விலைதான் ஏறியது. ஒரு பெரியவர் வந்து காலைத் தொடப் போனார். தராசுக்கை கத்தினார், கத்துகிற அளவுக்குத் தம்பி மேல் பாசம் என்றார்கள்.

முத்துக்கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கூடவே போனீங்களே தரகரே. நெசமாவா?"

பரிசோதனைக்கூடத்தில் என் காதால் கேட்டவன் நான். அந்தப் பெண் சொன்னதை வரி பிசகாமல் சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சாப்பாட்டில் தம்பி சொன்னதையும், நான் சிரித்ததையும் சொல்லியிருக்கலாம். முத்துக்கடைக்காரர் புருவம் எந்தப் பதிலுக்காகத் தூக்கியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. வாங்குகிறவன் முகத்தைப் பார்த்தே முப்பது வருஷம் சாப்பிட்டவன் நான்.

"அவரு அப்படித்தான் சொல்றாரு" என்றேன்.

அது தரகன் பதில். பொய் இல்லை. தெரு அதை எடுத்துக்கொண்டு கலைந்தது. தராசுக்கை படியிலேயே நின்று என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

சாயங்கால பஸ்ஸில் அவர் தனியாகப் போனார். அங்கே நடந்ததைப் பிற்பாடு அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். தம்பி முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாராம். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்றாம். பிறகு சொன்னாராம்: "வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொன்னேன் அண்ணே. அது இவ்வளவு உறுதியா இருக்கும்னு நெனைக்கல." அண்ணன் கடைக்குத் திரும்பவில்லை. அந்த அறையிலேயே தங்கி, தம்பியின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கஞ்சியை ஊட்டிக்கொண்டு இருந்தார். தினமும் ஆலைக்குப் போய் வேலைக்காரர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லியும் பார்த்தாராம். நல்ல மனுஷன் என்று டீ வாங்கிக் கொடுத்தார்களாம்.

பதினோராம் நாள் முதல் மழை பெய்தது. மரங்கள் பச்சையாகத் தெரிந்தன. அன்று மத்தியானம் தம்பி போய்விட்டார்.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் போனோம். சாணைக்காரருக்காக என்று சொல்ல முடியாது. தராசுக்கைக்கு மரியாதை செய்யப் போனோம். எல்லாம் முடிந்து வாசலில் ஈரத் தரையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தோம். தராசுக்கை சுவரோரம் தலையைத் தொங்கவிட்டுத் தரையில் இருந்தார். மழை பெய்தும் சுவரின் இடுக்குகளில் வெள்ளை இன்னும் ஒட்டியிருந்தது. வந்தவர்களுக்குத் தம்பியின் மனைவியே டீ கொண்டுவந்தார். வேறு யாரும் இல்லை அந்த வீட்டில்.

முத்துக்கடைக்காரர் தம்ளரைக் கையில் பிடித்து, ஊதிக்கொண்டே, பக்கத்தில் இருந்த ஆலைக் கணக்கரிடம் மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னதுதான், ஆனால் சின்ன வாசல்.

"பெரிய மனசுங்க அவருக்கு. திருடின தம்பிக்காகத் தன் பேரையே விட்டுக் குடுத்தாரு."

அந்த அம்மாள் வெறும் தட்டோடு திரும்பிக்கொண்டிருந்தார். நின்றார். முத்துக்கடைக்காரர் முன்னால் வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, தம்ளரை எடுத்துத் தட்டில் வைத்தார். ஆலைக் கணக்கர் தன் தம்ளரைத் தானே நீட்டினார், அதையும் வைத்தார். அடுத்தவரிடம் வந்தார். அதற்கு அடுத்தவர். பாதி குடித்தது, வாய் வைக்காதது, எல்லாவற்றையும் வரிசையாக வாங்கித் தட்டில் அடுக்கிக்கொண்டே வந்தார். வாசலில் தட்டில் தம்ளர் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தராசுக்கை தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கடைசி நாற்காலி என்னுடையது. கையை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

நான் குடித்து முடித்திருந்தேன்.